'சும்மா ரொட்டீன் டெஸ்ட்தான்' என்று சொன்னால் என்ன பொருள்?

நீங்கள் எழுதியதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் அம்மாவுக்கு 62 வயது. கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். சீட்டில் 'யூரின் ரொட்டீன், பிளட் ரொட்டீன்' என்று எழுதிக் கொடுத்தபோது எதற்கு என்று கேட்டீர்கள். 'சும்மா ரொட்டீன்தான், பயப்படாதீங்க' என்றார்கள். ரிப்போர்ட் வந்தால் பஸ் செல் 6–8 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது, எபிதீலியல் செல் 8–10, ஆல்புமின் என்ற புரதம் டிரேஸ் (மிகச் சிறிதளவு), நைட்ரைட் இல்லை, ஈ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணு படியும் வேகம்) 32. அம்மாவுக்குக் காய்ச்சலோ நீர்க்கடுப்போ எதுவும் இல்லை. 'ரொட்டீன் என்றால் சாதாரணம்தானே, அப்புறம் எப்படி இப்படி வரும், ரொட்டீன் என்ற சொல்லுக்கு ஆஸ்பத்திரியில் வேறு அர்த்தம் இருக்கிறதா?' என்பது உங்கள் கேள்வி. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாலும், உள்ளே இருப்பது 'நான் கவலைப்படணுமா வேண்டாமா' என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் லேப் டெக்னீஷியன். முதலில் அரசு மருத்துவமனை லேப், பிறகு தனியார் லேப் என்று வேலைக் காலம் முழுக்க ரத்தமும் சிறுநீரும்தான் பார்த்திருக்கிறேன். ஒரு எண் எப்படி வருகிறது, அதை எவ்வளவு நம்பலாம், எதனால் தப்பாக வரும் என்பதை என்னால் சொல்ல முடியும். அதை வைத்து அறுவை சிகிச்சை செய்யலாமா, மருந்து தரலாமா என்பது டாக்டரின் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். சுருக்கமான பதில் வேண்டும் என்றால் இதுதான்: 'ரொட்டீன்' என்ற சொல் அந்த டெஸ்ட்டை ஏன் எழுதினார்கள் என்பதைச் சொல்கிறது. அதன் முடிவு எப்படி இருக்கும் என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை.

ஆஸ்பத்திரிக்குள் இந்த ஒரு சொல்லை நாங்கள் குறைந்தது மூன்று விதமாகப் புழங்குகிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. யூரின் ரொட்டீன் என்பது ஒரு டெஸ்ட்டின் பெயர், அவ்வளவுதான். யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்ப்பது) என்று இன்னொன்று இருக்கிறது, அதிலிருந்து பிரித்துக் காட்ட இந்தப் பெயர். அடுத்து, 'ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாருக்கும் ரொட்டீனா எடுப்போம்' என்று சொல்வது. நோயாளியிடம் குறிப்பாக எதையும் சந்தேகிக்காமல், அந்த வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் எடுக்கிறோம் என்று பொருள். மூன்றாவது எங்களுக்குள் பேசிக்கொள்வது. சாம்பிள் வந்தால் 'இது ரொட்டீனா, அவசரமா' என்று கேட்போம். ரொட்டீன் என்றால் வரிசைப்படி ஓட்டலாம். ஸ்டாட் என்று எழுதியிருந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அதை எடுக்க வேண்டும். தடுப்பூசித் துறையில் இன்னொரு அர்த்தமும் உண்டு. தமிழ்நாட்டில் புதன்கிழமைகளில் குழந்தைகளுக்குப் போடுவது ரொட்டீன் தடுப்பூசி, ஒரே நாளில் எல்லாக் குழந்தைக்கும் போலியோ சொட்டு கொடுப்பது முகாம். இப்படி ஆளாளுக்கு ஒரு அர்த்தத்தில் பேச, கேட்பவர் காதில் மட்டும் 'ஒன்றும் இருக்காது' என்று விழுகிறது. உங்களுக்குச் சொன்னவர் இரண்டாவது அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பார். ஆறுதலுக்காக ஒரு 'சும்மா'வையும் சேர்த்துவிட்டார். அந்தச் 'சும்மா'தான் வம்பு.

சரி, யூரின் ரொட்டீனில் உண்மையில் என்ன பார்க்கிறோம்? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சீட்டில் 'ஆல்புமின், சுகர், டெபாசிட்' என்று எழுதியிருப்பார்கள், இன்றும் பல அரசு மருத்துவமனைகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். சுகருக்குப் பெனடிக்ட் கரைசல். 5 மில்லி நீலக் கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். இருந்தால் அளவைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. ஆல்புமினுக்குச் சோதனைக் குழாயின் மேல்பாதியை மட்டும் சூடு காட்டி, கலங்கினால் இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டுப் பார்ப்போம். அமிலத்தில் கலங்கல் போய்விட்டால் அது பாஸ்பேட் உப்பு, போகாமல் நின்றால் புரதம். இப்போது இதெல்லாம் பட்டை வேலை. பத்து சதுரங்கள் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் சிறுநீரில் முக்கி எடுத்தால் புரதம், சர்க்கரை, கீட்டோன், பிலிருபின், ரத்தம், நைட்ரைட் என்று ஒவ்வொன்றும் நிறம் மாறும். அதன் பிறகு மிச்சச் சிறுநீரைச் சென்ட்ரிஃபியூஜில் ஐந்து நிமிடம் சுற்றி, மேலே நிற்கும் தெளிவைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்ததில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம். இந்தப் படிவுதான் டெபாசிட். '6–8' என்றால் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒரு வட்டப் பார்வைக்குள் ஆறிலிருந்து எட்டு செல் தெரிந்தது என்று பொருள். மொத்த எண்ணிக்கை என்று நினைத்துக்கொண்டு 'வெறும் எட்டுதானே' என்பவர்களும் உண்டு, 'எட்டு இருக்கே' என்று கலங்குபவர்களும் உண்டு. பொதுவாக 5 வரை இருந்தால் நாங்கள் கண்டுகொள்வதில்லை.

இங்கே உறுதியானது எது, சந்தேகமானது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பஸ் செல் என்பது வெள்ளை அணு. அது கூடுதலாக இருக்கிறது என்பது உறுதி. அது சிறுநீர்ப் பையிலிருந்து வந்ததா, வெளியே தோலிலிருந்தும் பிறப்புறுப்பிலிருந்தும் கலந்ததா என்பது சந்தேகம். அதற்குத்தான் பக்கத்தில் இருக்கும் எபிதீலியல் செல்லைப் பார்க்க வேண்டும், பெரும்பாலோர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். அது தோல், பிறப்புறுப்புப் பக்கத்துச் செல். உங்கள் அம்மாவுக்கு அது 8–10 இருக்கிறது. சிறுநீர் பிடித்த விதத்தில் வெளிக்கலப்பு இருந்திருக்கலாம் என்பதற்கு அது நல்ல அறிகுறி. நைட்ரைட் இல்லை என்பதும் அம்மாவுக்குக் கடுப்போ காய்ச்சலோ இல்லை என்பதும் அதே பக்கம்தான் கை காட்டுகின்றன. ஆனாலும் நைட்ரைட் இல்லாததை மட்டும் வைத்துக் கிருமி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. எல்லாக் கிருமியும் நைட்ரைட் உண்டாக்குவதில்லை. உண்டாக்குவதற்கும் சிறுநீர் பையில் சில மணி நேரம் தங்க வேண்டும். அடிக்கடி போகிறவர்களுக்குக் கிருமி இருந்தும் நைட்ரைட் வராது. ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் ஒழுங்காகப் பிடித்த சாம்பிளில் அதே டெஸ்ட்டை மறுபடி பார்ப்பேன்.

ஒழுங்காகப் பிடிப்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. டப்பாவைக் கையில் கொடுத்து 'பாத்ரூம் அங்க இருக்கு' என்று அனுப்பிவிடுகிறோம், அது எங்கள் துறையின் குறை. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. முன்னாலிருந்து பின்னாகத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, கடைசியையும் விட்டுவிட வேண்டும். லேப் கொடுக்கும் டப்பாவில்தான் பிடிக்க வேண்டும். வீட்டில் கழுவிய மருந்து பாட்டிலோ ஹார்லிக்ஸ் பாட்டிலோ வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். காலை ஆறு மணிக்குப் பிடித்து, சமையலை முடித்து, பஸ் பிடித்துப் பதினோரு மணிக்குக் கொண்டு வந்தால் அதற்குள் கிருமி பெருகியிருக்கும், செல்கள் உடைந்திருக்கும், நைட்ரைட்கூடப் பொய்யாக வரலாம். வீட்டில் பிடிக்க வசதி இல்லையென்றால் லேபுக்கு வந்து பிடிப்பதே மேல், முதல் சிறுநீராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆல்புமின் டிரேஸ் என்பதைப் பார்த்து 'கிட்னி போச்சு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் குறைவாகக் குடித்துச் சிறுநீர் கெட்டியாக இருந்தாலே பட்டை அந்த அளவுக்கு நிறம் மாறும். காய்ச்சலிலும் கடும் உடலுழைப்புக்குப் பிறகும் வரும். அதேநேரம் அம்மாவுக்குச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தால் அந்த டிரேஸை அப்படியே விட்டுவிடவும் கூடாது. அதற்குப் பட்டையை நம்பாமல் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்று தனியாக ஒரு டெஸ்ட் உண்டு. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. சர்க்கரை நோயாளிகள் வருடத்துக்கு ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும் என்பது எங்கும் உள்ள வழிகாட்டல்.

பிளட் ரொட்டீன் என்பதில் என்னென்ன சேரும் என்பது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பழைய வழக்கில் ஹெச்.பி. (ஹீமோகுளோபின்), டி.சி., டி.சி., ஈ.எஸ்.ஆர். இரண்டு டி.சி. வருவது அச்சுப் பிழை இல்லை, ஒன்று மொத்த வெள்ளை அணு, இன்னொன்று அதன் வகைப் பிரிப்பு. இப்போது கவுன்ட்டர் மெஷின் ஒரு துளி ரத்தத்தில் இருபதுக்கு மேற்பட்ட எண்களைக் கக்குகிறது. அம்மாவின் ஈ.எஸ்.ஆர். 32 தடித்திருப்பது லேப் அச்சிட்டிருக்கும் எல்லை 20 என்பதால். வயது ஏற ஏற ஈ.எஸ்.ஆர். ஏறும். பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி இரண்டால் வகுத்தால் வருவதை மேல் எல்லையாக எடுத்துக்கொள்ளும் ஒரு கைக்கணக்கு உண்டு. 62 வயதுக்கு அது 36. அந்தக் கணக்குப்படி அம்மாவின் 32 எல்லைக்குள்தான் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு வயது தெரியாமல் இல்லை, அதற்கு ஏற்ற எல்லையை யாரும் அதில் ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

தடித்த எழுத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் லேபுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி அதைப் பற்றித்தான். 'நார்மல்' என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லை எப்படி வந்தது தெரியுமா? ஆரோக்கியமானவர்கள் நிறையப் பேருக்கு அந்த டெஸ்ட்டைச் செய்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் அளவை எல்லையாக வைக்கிறார்கள். அதாவது நோயே இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் எல்லைக்கு வெளியே விழத்தான் செய்வார்கள், வழிமுறையிலேயே அது இருக்கிறது. இப்போது ஒருவருக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் செய்தால், எல்லாமே எல்லைக்குள் வர வாய்ப்பு 36 சதவீதம்தான். மீதி 64 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒன்றாவது தடித்து வரும். நடைமுறையில் பல டெஸ்ட்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் குறையும், ஆனால் திசை அதுதான். உடம்பில் எதுவும் தொந்தரவு இல்லாமல், சந்தேகம் எதுவும் இல்லாமல் எடுக்கும் டெஸ்ட்டில் இது இன்னும் முக்கியம். காய்ச்சலும் கடுப்புமாய் வந்தவருக்கு 6–8 வந்தால் அதற்கு ஒரு எடை, உங்கள் அம்மாவுக்கு அதே 6–8 வந்தால் வேறு எடை. ரொட்டீனாக எடுத்தது என்று தெரிந்துகொள்வதன் பயன் இதுதான். அந்த எண்ணைத் தனியாகப் படிக்கக் கூடாது.

அப்படியானால் இதையெல்லாம் எடுப்பதே வீணா என்று கேட்பீர்கள். கண்புரைக்கு இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 19,000-க்கும் மேற்பட்ட கண்புரை அறுவை சிகிச்சைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு ரொட்டீன் டெஸ்ட்கள் செய்தும் மறுபாதிக்குச் செய்யாமலும் பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. இரண்டு பக்கமும் சிக்கல்கள் ஆயிரத்துக்குச் சுமார் 31, வித்தியாசமே இல்லை. இதை 'டெஸ்ட் எதுவும் வேண்டாம்' என்று படிக்கக் கூடாது. டெஸ்ட் செய்யாத பக்கத்திலும் தேவை என்று தெரிந்தவர்களுக்கு அதைச் செய்ய அனுமதி இருந்தது. முழு மயக்கம் கொடுக்க வேண்டியவர்களையும், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. நம் ஊரில் சர்க்கரை இருப்பதே தெரியாமல் கண் ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் நிறைய. அதனால் கண் மருத்துவமனைகள் சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்ணீர்ப் பாதையில் அடைப்பு இருக்கிறதா என்பவற்றைப் பார்ப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். முப்பது எண் வரும் பெரிய பேக்கேஜை எல்லாருக்கும் எழுதுவதைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை, அதில் சம்பளம் வாங்குகிறவன் நான் என்றாலும்.

ஆனால் ரொட்டீன் என்ற அதே சொல் கர்ப்பிணிகளிடம் வரும்போது என் பேச்சு மாறிவிடும். ஒவ்வொரு முறை செக்கப்புக்கு வரும்போதும் ரத்த அழுத்தம், சிறுநீரில் ஆல்புமின், ஹெச்.பி. பார்க்கிறார்கள் இல்லையா? எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு அழுத்தம் ஏறி ஆல்புமினும் வந்தால், வலிப்பு வரை போகக்கூடிய நிலை அது. முன்கூட்டியே காட்டிக் கொடுப்பது அந்த மலிவான டெஸ்ட்தான். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பதும் அப்படியே, 140-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பதைக்கூடக் கர்ப்பத்தில் தேடிப் பிடித்துச் சிகிச்சை தருவார்கள். மற்றவர்களுக்கு அப்படி இல்லை. சிறுநீர்ப் பாதைக்குச் சம்பந்தமில்லாத அறுவை சிகிச்சைக்கு முன் அறிகுறி இல்லாத கிருமியைத் தேடவும் வேண்டாம், மருந்து கொடுக்கவும் வேண்டாம் என்பதுதான் இப்போதைய பொதுவான வழிகாட்டல். உங்கள் அம்மாவுக்கு எது பொருந்தும் என்று கண் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டை மருந்துக்கடையில் காட்டி ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடும் வேலை மட்டும் வேண்டாம். அதைச் செய்துவிட்டு வந்தால் பிறகு கல்ச்சர் எடுத்தாலும் ஒழுங்கான பதில் கிடைக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முன் ஹெச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் டெஸ்ட்களும் இருக்கும். அதையும் 'ரொட்டீன்தான்' என்று சொல்லி ரத்தத்தை எடுத்துவிடுகிறார்கள். ஹெச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு மட்டும் அது செல்லாது. 2017-இல் வந்த சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கிய பிறகுதான் அந்த டெஸ்ட்டைச் செய்யலாம், முடிவையும் ரகசியமாக வைக்க வேண்டும், டெஸ்ட் செய்தால்தான் சிகிச்சை என்று நிபந்தனை போடவும் முடியாது. அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள். வாங்கியிருந்தால் என்ன காகிதம் அது என்று அவருக்குத் தெரிந்ததா என்றும் கேளுங்கள்.

இதே சொல் திரும்பி வந்து நம்மைக் குழப்பும் இன்னொரு இடம் மாத்திரை. 'ரொட்டீனா ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?' என்று கேட்டால் 'இல்லப்பா' என்பார்கள். பக்கத்திலிருக்கும் மகள் 'அம்மா, பிரஷர் மாத்திரை?' என்றதும் 'அது எப்பவும் போடுறதுதானே' என்று பதில் வரும். தினமும் போடுவது அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை, காபி மாதிரி. ஆனால் எங்களுக்கு அதுதான் தெரிய வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை கட்டுக்குள் இருந்தாலும் சிறுநீர்ப் பட்டை மூன்று பிளஸ், நான்கு பிளஸ் என்று காட்டும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதுதான் அந்த மருந்தின் வேலையே. வைட்டமின் சி அதிகமாகப் போட்டால் தலைகீழ், இருக்கும் சர்க்கரையையும் ரத்தத்தையும் பட்டை காட்டாமல் மறைத்துவிடும். ரத்தத்தை இளக்கும் மாத்திரையும், ஆண்களுக்கு புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசினும் கண் டாக்டருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை. டாம்சுலோசின் போடுகிறவருக்கு ஆபரேஷனின்போது கண்ணின் கருவிழித்திரை தளர்ந்து துவண்டு தொல்லை கொடுக்கும். ஆகவே வாயால் கேட்டு எழுதாமல், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், சித்த மருந்து, நாட்டு மருந்து உட்பட.

இனி செய்ய வேண்டியது. இந்த ரிப்போர்ட்டைக் கண் டாக்டரிடம் அப்படியே காட்டுங்கள், 'அம்மாவுக்குத் தொந்தரவு எதுவும் இல்லை, எபிதீலியல் செல் நிறைய இருக்கிறது, மறுபடி பிடித்துப் பார்க்கட்டுமா' என்று கேளுங்கள். மேலே சொன்ன மாதிரி பிடித்த சாம்பிளில் எபிதீலியல் செல் குறைந்து பஸ் செல்லும் 5-க்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். எபிதீலியல் செல் குறைந்தும் பஸ் செல் அப்படியே நின்றால், அல்லது அம்மாவுக்கு நடுவில் கடுப்பு, காய்ச்சல், இடுப்புப் பக்கம் வலி என்று ஏதாவது வந்தால் டாக்டர் கல்ச்சர் எழுதலாம். கல்ச்சர் முடிவு வர இரண்டு நாளாவது ஆகும், கிருமி வளர்ந்தால் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க இன்னும் ஒரு நாள் பிடிக்கும். ஆபரேஷன் தேதியைப் பார்த்து, சாம்பிளை நான்கைந்து நாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல லேப்களில் கல்ச்சர் பிரிவு இருக்காது, அதையும் கேட்டுக்கொண்டு போங்கள்.